நீருக்கடிக் கேமராவுக்கு வீட்டிலேயே கயிறு: எங்கே பிடிக்கணும், எங்கே அறுந்துபோகணும்

தாமிரபரணிக் கரையில் பாபநாசம் படித்துறையில் கேமராவோடு முங்குகிறவர்களுக்கு ஆழத்தைவிடப் பெரிய தொந்தரவு துணி. பரிகாரம் என்று ஆற்றோடு விட்டுப்போகும் சேலையும் வேட்டியும் அடியில் பாறையிலும் வேரிலும் சுற்றிக் கிடக்கும். உவரி, கூத்தங்குழிப் பக்கம் கடலில் அதே வேலையைப் பாறையில் மாட்டிக் கிடக்கும் தங்கூசி (நைலான் நரம்பு) வலை செய்யும். கேமரா தொலையக்கூடாது என்று மணிக்கட்டில் கட்டிய கயிறு இதில் சிக்கினால் ஆளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் கயிறு முறுக்குவதற்கு முன்பே, இழுபட்டால் எந்த இடத்தில் அறவேண்டும் என்பதை முடிவுசெய்துவிடுங்கள்.

வலைச்சாமான் கடையில் பளிச்சென்ற நீலம், பச்சையில் தொங்குவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். ஒரு துண்டை வாளியில் போட்டால் மிதக்கும். வழுக்கலான கயிறு, முடிச்சு நிற்காது. வெயிலில் சீக்கிரம் பொடிந்தும் போகும். நைலான் மூழ்கும், ஆனால் தண்ணீர் குடித்து இளகும். நனைந்தால் பலமும் கொஞ்சம் குறையும். நனைந்தாலும் மாறாதது பாலியெஸ்டர். அதையே கேட்டு வாங்குங்கள்.

சின்ன ஆக்ஷன் கேமராவுக்கு 3 மி.மீ. கயிறு 70 செ.மீ. போதும். இரண்டாக மடித்து, கை நுழையும் அளவுக்குக் கண்ணி விட்டு, ‘8’ வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். மறுமுனையை நேராகக் கேமரா உறையின் வளையத்தில் கட்டாதீர்கள். நடுவில் 2.5 மி.மீ. அகல கேபிள் டை (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஒன்றை வளையமாகப் போட்டு இணையுங்கள். அதன் தாங்குதிறன் சுமார் 8 கிலோ. இதுதான் அறவேண்டிய இடம். சோதிக்க ஒரு வாளி போதும்: 5 லிட்டர் தண்ணீரோடு தொங்கவிட்டால் தாங்கவேண்டும், 15 லிட்டரில் வெடுக்கென்று இழுத்தால் அறவேண்டும். அறவில்லையென்றால் டை தடிமன். வெள்ளை டை வெயிலில் நொறுங்கும். கறுப்பு கொஞ்சம் நாள் உழைக்கும். எதுவானாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிது மாட்டுங்கள்.

கயிற்றைக் கழுத்தில் போடவே கூடாது. கரையில் நின்று போட்டோவுக்கு வேண்டுமானால் மாலையாகப் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய உறை, அதைத் தாங்கும் தட்டு, இரண்டு விளக்கு என்று போனால் கணக்கு மாறும். தண்ணீருக்குள் அநேகமாக எடையற்றுக் கிடக்கும் அந்தச் சாமான் வள்ளத்தில் ஏற்றும்போது ஐந்தாறு கிலோவாக இழுக்கும். கயிறு அறுவதும் உறை கீழே விழுவதும் அப்போதுதான். இதற்கு மணிக்கட்டுக் கயிறு வேண்டாம், கைப்பிடிக் கயிறு வேண்டும். 6 மி.மீ. பாலியெஸ்டர் ஒன்றரை மீட்டர், போல்ட் ஸ்னாப் (ஸ்பிரிங் நாக்கு வைத்த கொக்கி) இரண்டு, பிடிக்கு 12 செ.மீ. தோட்டத்து ஓஸ் பைப். பைப்பைக் கோத்து, இரு முனைக்கும் அருகே ‘8’ வடிவ முடிச்சைத் தளர்வாகப் போட்டு, முனைக்கொரு ஸ்னாப்பாக அதன் கண்ணுக்குள் விட்டு, அந்த முடிச்சின் தடத்திலேயே திரும்ப ஓட்டுங்கள். ஈரமாக்கி முழு எடையைத் தொங்கவிட்டு முடிச்சு இறுகிய பிறகே மிச்சத்தை வெட்டவேண்டும். வால் 6 செ.மீ.க்குக் குறையக்கூடாது. விளக்குக் கைகளின் அடிப்பகுதி 30 செ.மீ. இடைவெளி என்றால் கட்டி முடித்த கயிற்றின் நீளம் 40 முதல் 45 செ.மீ. வரை. குட்டையானால் விளக்குக் கைகளை உள்ளே இழுத்து, அவற்றைப் பிடித்திருக்கும் இறுக்கியைத் தளர்த்தும். நீளமானால் சாமான் ஊசலாடி வள்ளத்து விளிம்பில் லென்ஸ் மூடி இடிக்கும். ஆளின் உடுப்பு வளையத்தில் கொக்கி மாட்டும் இடத்தில் மட்டும் இரும்போடு இரும்பு சேரவிடாமல் நடுவே கயிறு வையுங்கள். சிக்கினால் கத்தியால் வெட்டலாம், வளையத்தை வெட்ட முடியாது. கத்தி எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஸ்னாப் வாங்கும்போது பித்தளை அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று சமாதானமாகிவிடாதீர்கள், 304 ரக ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் உப்புத்தண்ணீரில் அது புள்ளி புள்ளியாக அரிக்கும். நம் கரையின் பொடி மணல் ஸ்பிரிங்குக்குள் போய் நாக்கைத் திறந்தபடியே நிறுத்திவிடும். ஏறும் முன் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள்.

ஆற்றுக் கசத்தில் (ஆழமான மடுவில்) சின்னக் கேமராவுக்கு மிதவையாகப் பழைய ஹவாய் செருப்பை வெட்டிக் கட்டலாம். எவ்வளவு வேண்டும் என்பதை வாளி சொல்லும். ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி நுரை சுருங்கும், மேலே மிதந்தது அங்கே மூழ்கலாம்.

கயிற்று முனையை மெழுகுவர்த்தியில் உருக்கி, ஈரக் கரண்டியால் உருட்டுங்கள். பிசிறு விட்டால் அந்த நூலிழை ஒன்று கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தாலே தண்ணீர் இறங்கிவிடும். உறையை மூடி, விளிம்பைச் சுற்றிலும் பார்த்த பிறகே கயிறு மாட்டவேண்டும். கழுவ, உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஸ்னாப்பைத் தண்ணீருக்குள்ளேயே பத்துத் தடவை அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள்.