காணிக் கையெழுத்துக்காக மரணச் சான்றிதழ் எடுக்காதீர்கள்

மகளுக்கு இரண்டு பரப்புக் காணி எழுதிக் கொடுக்கப் போன அம்மாவிடம் உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்டார்: "உங்கடை மனுசன்ரை கையெழுத்து எங்கை?" போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் படையினரிடம் கையளித்த பிறகு காணாமற்போன மனுசன். "அப்ப மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ." விதானையார் (கிராம அலுவலர்), பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று மாதக்கணக்கில் அலைந்தா. காணி அவவின் சீதனம். உறுதியிலும் அவவின் பெயர் மட்டுமே.

யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கவோ நன்கொடை எழுதவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அது. காப்பை விற்கலாம், மரணசாசனம் எழுதலாம், காணி என்றால் மட்டும் அவ தனி ஆளில்லை. தன் காணியை விற்கும் கணவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. கணவர் எங்கே என்று தெரியாவிட்டால், அவருடைய சம்மதம் இல்லாமலே காணியை எழுத மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். அவர் செத்தார் என்று நீங்கள் எங்கும் சொல்லத் தேவையில்லை. கவுண்டரில் இதைச் சொல்லித்தருகிற ஆளை நான் இன்னும் காணவில்லை. சான்றிதழ் கேட்பது அவர்களுக்குச் சுகம்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் நீங்கள் விதவை என்று பதிவாகும், அவருடைய சொத்துக்கு வாரிசுப் பங்கும் கிளம்பும். அதுக்கு மனம் ஒப்பினால் எடுங்கள். ஒரு கையெழுத்துக்காக எடுக்காதீர்கள்.

காணாமற்போனமைக்கான சான்றிதழ் வேறு. 2016 திருத்தத்தோடு வந்தது; அவர் இறந்தார் என்று சொல்லாது. பொறி என்னவென்றால், இரண்டு சான்றிதழும் 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழேயே வருகின்றன. மரணப் பதிவுப் படிவத்தை நீட்டி "இதுவும் அதுதான் அம்மா" என்பார்கள். தலைப்பை வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பித்துவிட்டு வாருங்கள். காணாமற்போனோர் அலுவலகத்தில் முறைப்பாடு இருந்தால், அங்கே இடைக்கால அறிக்கை கேட்டு வாங்கிப் பதிவாளரிடம் கொடுக்கலாம்.

ஆனால் அந்தச் சான்றிதழ் கணவரின் கையெழுத்துக்கு ஈடாகாது. அதைக் காட்டி உறுதி எழுதலாம் என்பவரை நம்ப வேண்டாம். நீதிமன்ற அனுமதி கேட்கும் வழக்கில் அது ஆதாரம், அவ்வளவுதான். அதோடு பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், விதானையாரின் கடிதம் எல்லாவற்றையும் சேருங்கள். மூலப்பிரதியை எந்த மேசையிலும் விடாதீர்கள், போட்டோப்பிரதி மட்டும். பெயரை ஒன்றில் "சிவராசா", மற்றதில் "சிவராஜா" என்று எழுதியிருந்தால் அதுக்காகவே திருப்பி அனுப்புவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வழக்குக்கு முதலே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். விதானையாரிடம் வருமானக் கடிதத்தையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், அதுக்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டாம்.

கடைசியாக, தரகர்மார். "தம்பியைக் கொண்டு அப்பாவின்ர கையெழுத்தை வைப்பியுங்கோ, ஆர் பாக்கிறது?" என்று அந்த அம்மாவிடமும் ஒருவர் கேட்டார். அது கள்ளக் கையெழுத்து. நாளைக்கு உறுதி உடைந்தால் வழக்கில் நிற்கப்போவது அவவின் மகன், தரகர் இல்லை.