ஓசோன் விருதை யாருக்குக் கொடுப்பது?

"ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லையே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். செப்டம்பர் 16, உலக ஓசோன் நாளையொட்டி வந்திருக்கும் நியாயமான கேள்வி. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை எப்படி விழுகிறது என்று தெரிந்தால்தான் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது விளங்கும்.

பள்ளிப் பாடத்தில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். ஓசோன், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. குளிர்பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன், அதாவது சி.எஃப்.சி., எதனோடும் வினைபுரியாத சாதுவான வாயு. அந்தச் சாதுத்தனம்தான் வினை. கீழே எதுவும் அதை அழிக்காததால், ஓசோன் நிறைந்த மேல் காற்றடுக்கான அடுக்கு மண்டலம் வரை ஏறிப்போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை விடுவிக்கிறது. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரௌலண்டும் 1974-இல் சொன்னது இது. ஓசோனை நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைக்கும் விதத்தை 1970-இல் விளக்கிய பால் குருட்சன் மூன்றாமவர்.

இவர்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். காற்றில் சி.எஃப்.சி. இருக்கிறது என்பதையே ஜேம்ஸ் லவ்லாக் அளந்து காட்டியதால்தான் இந்தக் கணக்கைப் போட முடிந்தது. அவர் 1957-இல் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணரி, ஒரு லட்சம் கோடியில் சில பத்து மூலக்கூறுகள் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். கப்பலில் ஏற்றி, அட்லாண்டிக் நெடுக அளந்தார். இந்த வாயுவால் ஆபத்தில்லை என்று அவரே 1973-இல் எழுதியதுதான் வேடிக்கை. முடிவு தவறு, அளவு சரி. அறிவியலில் நிலைப்பது இரண்டாவதுதான்.

இனி அண்டார்க்டிகா. அங்குள்ள பிரிட்டனின் ஹாலி ஆய்வு நிலையத்தில் 1950-களிலிருந்தே டாப்சன் நிறமாலைமானியால் ஓசோனை அளந்துவந்தார்கள். ஓசோன் நன்றாக விழுங்கும் ஓர் அலைநீளம், அவ்வளவாக விழுங்காத இன்னொன்று, இரண்டின் விகிதத்தை எடுப்பதே முறை. தூசோ மெல்லிய மேகமோ இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கச் செய்யும் என்பதால் விகிதம் பெரிதாகக் கெடாது. 300 டாப்சன் அலகு என்றால், தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் தடிமன். அக்டோபரில் 300-ஐ ஒட்டி இருந்துவந்த எண் 200-க்கும் கீழே போனதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் வெளியிட்டார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் இதைப் பார்த்துத்தான் இருந்தது. 180-க்குக் கீழான எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று அதன் நிரல் தனியே குறித்து வைத்திருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 1974-இன் வினைச்சுற்றில் குளோரின் ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகும். அது மறுபடி குளோரினாக மாறத் தனி ஆக்சிஜன் அணு ஒன்று வேண்டும். தனி அணுக்கள் தாராளமாகக் கிடைப்பது 40 கி.மீ. உயரத்தில். ஓட்டை விழுந்ததோ 12 முதல் 24 கி.மீ.க்குள். போதாததற்கு, அங்கே குளோரின் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறது: ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட். வாயு நிலையில் இவை ஒன்றையொன்று சீண்டுவதில்லை.

பூட்டைத் திறப்பது மேகம். துருவ இரவில் அடுக்கு மண்டலம் மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிரும்போது நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து நுண்துகள்களாக உறைகின்றன. அந்தத் துகளின் பரப்பில் இரண்டு பெட்டிகளும் சந்தித்தால் குளோரின் மூலக்கூறு வாயுவாக வெளியேறும், நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கிவிடும். இந்தத் தங்கல்தான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். கனத்த துகள்கள் கீழே இறங்கும்போது நைட்ரஜனையும் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. குளோரினை மறுபடி பூட்ட நைட்ரஜன் டையாக்சைடு வேண்டும். அதற்கான சரக்கே அங்கே இல்லை. திருடன் பூட்டைத் திறந்ததோடு நில்லாமல் சாவியையும் கொண்டுபோன கதை.

குளிர்காலம் முழுக்கச் சேரும் குளோரின் இருட்டில் சும்மா கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் உடைந்து வேலையைத் தொடங்குகிறது. தனி ஆக்சிஜன் இல்லாத குறையைத் தீர்ப்பது, மரியோ மொலினாவும் லூயிசா மொலினாவும் 1987-இல் காட்டிய குறுக்குவழி: இரண்டு குளோரின் மோனாக்சைடுகள் கைகோக்கின்றன, ஒளி பட்டுப் பிரிகின்றன, இரண்டு குளோரினும் மீள்கின்றன. மேகப் பரப்பில் நடப்பதை 1986-இல் முன்வைத்தவர் சூசன் சாலமன். அதே ஆண்டு அண்டார்க்டிகாவின் மக்மர்டோ நிலையத்துக்கே ஆய்வுக் குழுவோடு போனார்.

வடதுருவத்தில் நிலமும் மலைகளும் காற்றோட்டத்தைக் குலைப்பதால் இவ்வளவு குளிர் நீடிப்பது அரிது. 2020 வசந்தத்தில் விதிவிலக்காக நீடித்தது, அங்கும் பெரிய இழப்பு ஏற்பட்டது. ஏப்ரல் இறுதியில், துருவத்தைச் சுற்றிக் குளிர்காற்றை அடைத்துவைக்கும் துருவச் சுழல் கலைந்து ஓசோன் திரும்பியதும், 'ஊரடங்கால் ஓட்டை அடைந்தது' என்று வாட்ஸப்பில் ஓடியது. கார் ஓடாததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர்பெட்டிகளில் பயன்பட்ட சி.எஃப்.சி.-12 என்ற வகை காற்றில் கலந்தால் போக ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகும்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். நோபல் பரிசை ஒரு துறையில் மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. அளந்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. 2021-இல் 'ஃபியூச்சர் ஆஃப் லைஃப்' விருது, 2013-இல் மறைந்த ஃபார்மனுக்கும் சாலமனுக்கும் ஸ்டீபன் ஆண்டர்சனுக்கும் கிடைத்தது. ஆண்டர்சன் செய்தது வேதியியல் அல்ல. ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1987 மான்ட்ரியல் உடன்பாட்டின் தொழில்நுட்பக் குழுவை வழிநடத்தி, சி.எஃப்.சி. புழங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று தேடியவர். உதாரணத்துக்கு, மின்சுற்றுப் பலகையைக் கழுவ சி.எஃப்.சி.-113 இருந்தது; கழுவவே தேவைப்படாத பற்றவைப்புப் பசை வந்ததும் கழுவும் வேலையே பல இடங்களில் ஒழிந்தது.

பட்டியலில் வராதவர் குளிர்சாதன மெக்கானிக். பழைய எந்திரத்தைத் திறக்குமுன் வாயுவைக் காற்றில் விடாமல் மீட்பு எந்திரம் வழியாகச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும், அதுவும் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல். வெயிலில் திரவம் விரிந்தால் இடமில்லாமல் சிலிண்டர் வெடிக்கும். சி.எஃப்.சி.-12 இருக்கும் சிலிண்டரில், அதற்கு மாற்றாக வந்த 134ஏ வாயுவைக் கலந்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே பொருள்போலக் கொதிக்கும், காய்ச்சி வடித்துப் பிரிக்க முடியாது. மறுசுழற்சிக்குப் போக வேண்டியதை அழிக்கத்தான் வேண்டும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஒரே எண்ணைக் குறிக்கும் வேலைக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கும் குழுக்களுக்கு ஒரு செய்தி. 2018-இல் ஸ்டீபன் மாண்ட்ஸ்கா குழுவினர் வழக்கமான அளவீட்டிலேயே ஒரு முரணைப் பிடித்தார்கள்: தடைசெய்யப்பட்ட சி.எஃப்.சி.-11, 2012-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாகக் காற்றில் கலக்கிறது. தென்கொரிய, ஜப்பானிய நிலையங்களின் பதிவுகள் இதில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதைக் காட்டின. 2019-க்குள் வெளியேற்றம் சரிந்தது. மாண்ட்ஸ்கா குழுவின் கருவிகளில் ஒன்று, லவ்லாக்கின் அதே எலக்ட்ரான் கவர் உணரி.