கோல்ட் றூம் கூரையில் பூஞ்சணம்: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ரொறன்ரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளைப் பரிசோதிக்கப் போனால், பேஸ்மென்ற்றில் நான் முதலில் திறந்து பார்ப்பது கோல்ட் றூமைத்தான். முன்வாசல் போர்ச்சுக்கு நேர் கீழே இருக்கும் கொங்கிறீற் அறை. நம்மவர் வீடுகளில் அதற்குள் அரிசி மூட்டை, வெங்காயம், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய சட்டிகள், பழைய சூட்கேஸ்கள் எல்லாம் இருக்கும். கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும்.

"சுவராலை தண்ணி வருது" என்பார் வீட்டுக்காரர். வெளியே மண்ணைத் தோண்டி வோட்டர்புரூப் செய்யப் பல ஆயிரம் டொலருக்கு யாரோ விலையும் கொடுத்திருப்பார்கள். சில வீடுகளில் அந்த வேலை தேவைதான். ஆனால் நான் பார்க்கும் கோல்ட் றூம்களில் பெரும்பாலும் அந்தத் தண்ணீர் மண்ணிலிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்து வந்தது.

குளிர்காலத்தை எடுங்கள். வீட்டுக்குள் 21 பாகை. கீழ்ச் சமையலறையில் சோறு கொதிக்கிறது, கொடியில் உடுப்புக் காய்கிறது. இந்த ஈரக் காற்று கதவு இடுக்கால் கோல்ட் றூமுக்குள் போகிறது. அங்கே கூரைக் கொங்கிறீற்றுக்கு மேலே பனி கிடக்கிறது. பட்டதும் காற்றிலுள்ள ஈரம் நீராகிவிடும். கடுங்குளிரில் உறைபனியாகவே ஒட்டி, வெயில் எறித்ததும் சொட்டும். இதற்குள் "குளிர் வருகுது" என்று சுவரில் இருக்கும் வென்ற்றைப் பழைய துணியால் அடைத்துவிடுவார்கள். அந்த அறையைக் கட்டியதே குளிராக இருக்கத்தான். அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை.

அடைக்க வேண்டியது கதவை. பல வீடுகளில் அங்கே படுக்கையறைக்குப் போடும் உள்ளே வெறுமையான கதவு நிற்கிறது. வாசல் கதவு மாதிரி குளிர் தாங்கும் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டி, கீழே இடைவெளி விடாத நிலைப்படி, இவ்வளவும் வேண்டும். மண் தோண்டும் செலவோடு பார்த்தால் இது ஒரு காசே இல்லை.

வெயில் காலத்தில் கதை தலைகீழ். ஊர்ப் பழக்கத்தில், காற்றோட்டம் வரட்டும் என்று பேஸ்மென்ற் யன்னல்களைத் திறந்துவிடுகிறோம். ஊரில் சுவரும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு, அதனால் அது சரி. இங்கே ஜூலையில் வெளியே 30 பாகை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், அந்தக் காற்று 24 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீர் விடும். மண்ணுக்குள் இருக்கும் சுவரோ 18 பாகை அளவில் நிற்கும். புழுங்கும் நாட்களில் யன்னலைச் சாத்துங்கள், அந்த நாட்களுக்கு மட்டும் கோல்ட் றூம் வென்ற்றையும் மூடலாம். பேஸ்மென்ற்றில் டிஹியூமிடிபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) 50 சதவீதத்தில் ஓடவிடுங்கள். அதன் குழாயை நிலத்து வடிகாலுக்குள் விடுங்கள். வாளி நிரம்பினால் மெஷின் தானாக நின்றுவிடும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

சந்தேகமாக இருந்தால் இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கம் நனைந்தால் சுவரால் வருகிறது, அப்போது வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா, இன்டர்லொக் கல் வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா, போர்ச்சும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்று. பனிக்குப் படியில் உப்புக் கொட்டும் இந்த ஊர்களில் அந்த வெடிப்பு சாதாரணம்.

அப்புறம், சுவரில் வெள்ளைத் தூள் கண்டதும் பூஞ்சணம் என்று பதற வேண்டாம். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது கொங்கிறீற் கக்கிய உப்பு. ஈரம் நடமாடுகிறது என்பதற்கு அடையாளமே தவிர, அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

உண்மையான பூஞ்சணத்துக்கு ஜாவெக்ஸ் (பிளீச்) அடிக்காதவர் இல்லை. கறுப்பு வெளிறும், மாதம் போகத் திரும்பும். ஒரு சதுர மீற்றருக்குக் குறைவான இடமென்றால் என்95 முகக்கவசம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து உலரவிட்டால் போதும். ஹெல்த் கனடாவும் பிளீச் தேவையில்லை என்றே சொல்கிறது. பூஞ்சணம் உள்ளே ஊறிவிட்ட ட்றைவோலை (உட்சுவர்ப் பலகை) கழுவிப் பயனில்லை, வெட்டி எறியுங்கள்.

சாமான்களை இரும்புத் தட்டில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மட்டைப்பெட்டி பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது, ஆனால் சேலையோ அல்பமோ நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே கெடும். அரிசி மூட்டையை வெறும் நிலத்தில் வைக்கவே வேண்டாம்.

"காற்றை லாப்புக்கு அனுப்பி என்ன வகைப் பூஞ்சணம் என்று பார்க்கட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்துவது, துடைப்பது. இடம் பெரிதென்றால், அல்லது வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், துப்புரவுக்கு ஆள் பிடியுங்கள். பரிசோதிப்பவரும் துப்புரவு செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் மட்டும் இன்னொருவரிடமும் விலை கேளுங்கள்.