மெக்கானிக்கல் சீல் வாங்கப் போறியளோ, சைசை மட்டும் கொண்டு போகாதேங்கோ

போன காலபோக அறுவடை நேரம், மில்லுகள் இரவு பகலா ஓடிக்கொண்டிருக்கேக்க, கிளிநொச்சிப் பக்கம் அரிசி மில் வைச்சிருக்கிற அண்ணை ஒருத்தர் ஒரு சொப்பிங் பையோட என்ர பட்டறைக்கு வந்தவர். பைக்குள்ள நாலு மெக்கானிக்கல் சீல் (பம்பின்ர சுத்துற தண்டு, அதான் ஷாஃப்ட், அதைச் சுத்தித் தண்ணி ஒழுகாமத் தடுக்கிற சாமான், முகம் எண்டு சொல்லுற ரெண்டு வளையம் ஒண்டோட ஒண்டு பொருந்தி நிக்கும்), நாலும் ஒரே சைஸ், நாலும் பொயிலருக்குத் தண்ணி அடிக்கிற பம்பில ஆறு கிழமைக்குள்ள போட்டுக் கழட்டினது. "தம்பி, கடைக்காரர் டூப்ளிகேட் சாமான் தாறார் போல கிடக்கு, நீர் நல்லதா ஒண்டு எடுத்துத் தாரும்" எண்டார்.

ஒண்டைக் கையில எடுத்து ரப்பரை நகத்தால அமத்திப் பாத்தன், இறங்கவே இல்லை, கொஞ்சம் வளைக்க டக்கெண்டு வெடிச்சிட்டுது. கார்பன் முகத்தின்ர வெளி ஓரம் எலி கறண்டின மாதிரி சில்லுச் சில்லாப் பேந்து கிடந்தது, செராமிக்கில மயிர் மாதிரி வெடிப்பு. மற்ற மூண்டும் அதே கதைதான். சாமானில பிழை இல்லை, அது கிணத்துத் தண்ணிக்குச் செய்த நல்ல சீல், இவர் கொண்டுபோய்ப் போட்டது கொதிக்கிற பதத்தில நிக்கிற தண்ணியில.

இஞ்ச கனபேர் சீல் எண்டா வொஷர் மாதிரி ஒரு சாமான், அளவு சரியெண்டா காணும் எண்டுதான் நினைக்கினம். அது அப்பிடி இல்லை. ஒரு முகம் ஷாஃப்டோட நிமிசத்துக்கு 2900 தரம் சுத்துது, மற்ற முகம் அசையாம நிக்குது, ரெண்டுக்கும் நடுவில ஒரு மைக்ரோன் அளவில ஒரு தண்ணிப் படலம் (எங்கட தலைமயிர் ஒண்டின்ர மொத்தமே 60, 70 மைக்ரோன் வரும்), அந்தப் படலம்தான் ரெண்டு முகத்தையும் காப்பாத்துது. அப்ப அந்தப் படலமா வரப்போற தண்ணி என்ன தண்ணி எண்டு தெரியாம எப்பிடிச் சீல் எடுக்கிறது? சுடுதண்ணியெண்டா முகங்கள் உரசுற சூட்டில அந்தப் படலமே ஆவியாப் போயிடும், முகம் டப் டப்பெண்டு திறந்து மூடும், கார்பன் ஓரம் பேந்தது அதாலதான்.

அண்ணைக்கு நான் செய்து குடுத்தது மூண்டு வேலை. நைற்றைல் ரப்பருக்குப் பதிலா ஈபிடிஎம் ரப்பர், செராமிக்குக்குப் பதிலா கார்பனோட ஓட சிலிக்கன் கார்பைட் முகம். அடுத்தது, பம்பின்ர டெலிவரிப் பக்கத்தில இருந்து சீல் இருக்கிற அறைக்கு ஒரு சின்னக் குழாய் இழுத்து விட்டன், சீலைச் சுத்தித் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும், அமுக்கமும் கொஞ்சம் ஏறி நிக்கும், லேசில கொதிக்காது. மூண்டாவதைத்தான் அண்ணை முதலில ஒத்துக்கொள்ளேல்லை. சுடுதண்ணித் தாங்கி பம்புக்குப் பக்கத்தில நிலத்திலேயே இருந்தது, அதை ஆறடி ஸ்டாண்டில ஏத்தச் சொன்னன். "சீலுக்குத்தானே வந்தனான், தாங்கியை ஏன் தூக்கோணும்" எண்டு கேட்டார். தாங்கி பதிவா இருந்தா பம்புக்குள்ள வாற சுடுதண்ணிக்கு அமுக்கம் காணாமல் உள்ளேயே கொதிச்சுக் குமிழி உடையும், கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தா, அந்த அதிர்வில எவ்வளவு விலை குடுத்து வாங்கின சீலும் நிக்காது அண்ணை எண்டு பம்புக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டுபோய்க் கேக்க வைச்சன், பிறகுதான் சம்மதிச்சார்.

ரப்பர் விசயத்தில ஒரு பெரிய பிழை நடக்குது, அதைக் கட்டாயம் சொல்லோணும். வைட்டன் எண்ட ரப்பர் விலை கூட, அதால எல்லாத்துக்கும் அதுதான் திறம் எண்டு ஒரு எண்ணம். டீசலுக்கும் எண்ணெய்க்கும் வைட்டன் நல்லது, ஆனா சுடுதண்ணிக்கும் ஸ்டீமுக்கும் சாதாரண வைட்டன் சரிவராது, அங்க ஈபிடிஎம்தான். ஈபிடிஎம்முக்கு எண்ணெய் எதிரி. ஷாஃப்டில லேசா வழுக்கி ஏறட்டும் எண்டு கிறீஸ் பூசிப் போடுற பெடியள் இருக்கினம், ரெண்டு நாளில அந்த ரப்பர் ஊதிப் பொம்மிப்போய் ஷாஃப்டில இறுகி, ஸ்பிரிங்கால முகத்தைத் தள்ள ஏலாமல் ஒழுகத் தொடங்கும். சோப்புத் தண்ணி காணும். மினுங்கிற முகத்தில விரலும் படக்கூடாது.

முல்லைத்தீவுப் பக்கம் ஐஸ் பக்டரியளும் ஆனையிறவு மாதிரி உப்பளங்களும் வேற பிரச்சினை. அங்க முகத்துக்கு முதல் ஸ்பிரிங்தான் போகும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் உப்புத் தண்ணியில குத்துக்குத்தா ஓட்டை விழுந்து ஒருநாள் முறிஞ்சுபோய்க் கிடக்கும், 316 ரகம் கொஞ்சம் தாங்கும், ஓடாம நிக்கிற கடும் உப்பில அதுவும் போகும். ஹேஸ்டலோய் எண்ட நிக்கல் கலப்பு உலோக ஸ்பிரிங் கேட்டு வாங்கலாம், இல்லையெண்டா ஸ்பிரிங் தண்ணியில படாம வெளியில நிக்கிற டிசைன் இருக்கு. பம்பை நிப்பாட்டின பிறகு முகத்தின்ர காத்துப் பக்கம் உப்புக் கட்டியாக் காயும், அப்பிடியே திருப்பி ஸ்டார்ட் பண்ணினா அது உளி மாதிரி முகத்தைக் கீறிப் போடும், அதால நிப்பாட்டுறதுக்கு முதல் நல்ல தண்ணியால ஒருக்காக் கழுவி விடுங்கோ.

இரணைமடு வாய்க்கால் தண்ணி, மாரியில கலங்கி வருமே, அதுக்குக் கார்பன் முகம் போட்டா மணல் கார்பனில ஏறி அரைச்சுத் தள்ளும், ரெண்டு பக்கமும் சிலிக்கன் கார்பைட் போடுறதுதான் சரி. ஆனா அந்தச் சோடி தண்ணியில்லாம ஓடினாக் கொஞ்சமும் பொறுக்காது. கரண்ட் நிண்டு திருப்பி வரேக்க தானா ஸ்டார்ட் ஆகிற மாதிரி வயர் பண்ணியிருப்பினம், அதுக்கிடையில புட்வால்வ் (உறிஞ்சுற குழாயின்ர அடியில தண்ணி திரும்பி இறங்காமத் தடுக்கிற வால்வ்) ஒழுகிப் பம்புக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும், ஆளில்லாத நேரம் பம்ப் வெறும் காத்தில ஓடிச் சூடாகிச் சீல் முகம் வெடிச்சுப்போய்க் கிடக்கும். அந்தப் புட்வால்வை மாத்தாமச் சீலை மாத்திறதில ஒரு பிரயோசனமும் இல்லை, வேலை எடுக்கிற ஆக்கள் இதை வாய் திறந்து சொல்லோணும், காசு வருகுதெண்டு சும்மா இருக்கிறது பிழை.

அளவெடுக்கிறதிலயும் கவனம். பழைய பம்புகளில அங்குல ஷாஃப்ட் கனக்க இருக்கு, முக்கால் இஞ்சி எண்டா 19.05 மில்லிமீற்றர், கடையில 20 சீல்தான் இருக்கெண்டு அதைப் போட்டா ஷாஃப்டோட சேந்து சுத்தாது, வழுக்கும். ஒரு இஞ்சி 25.4, அதில 25 சீலை இழுத்து ஏத்தினா ரப்பர் விரிஞ்சு நிக்கும். வேர்னியரால அளந்து கொண்டு போங்கோ, உத்தேசம் வேண்டாம். கூம்பு மாதிரி ஒற்றை ஸ்பிரிங் வாற சீலில இடக்கை, வலக்கை எண்டு ரெண்டு இருக்கு, மோட்டர் சுத்திற பக்கத்துக்கு ஸ்பிரிங் இறுகோணும், மாறிப் போட்டா அவிழ்ந்துபோய்ப் பிடிப்பு விட்டிடும். மோட்டர் வயின்ட் பண்ணிக் கொண்டுவந்து பூட்டேக்க கரண்ட் பேஸ் வயர் மாறி எதிர்ப்பக்கம் சுத்தினாலும் இதே கதிதான்.

காஸ்டிக் சோடா, அசிட் மாதிரிச் சாமான் அடிக்கிற பம்பெண்டா ஒற்றைச் சீலோட நிக்க வேண்டாம், ரெட்டைச் சீல் போட்டு நடுவில வேற திரவம் ஓட விடோணும். அங்க ஒழுகினாப் போறது வெறும் தண்ணி இல்லை, பக்கத்தில நிக்கிற பெடியன்ர கண்.

அந்த மில் பம்ப் சிறுபோகமும் தாண்டி அதே சீலோட ஓடுது. போன கிழமை போகேக்க கீழ கை வைச்சுப் பாத்தன், காய்ஞ்சு கிடந்தது. உங்கட சீல் திருப்பித் திருப்பிப் போகுதெண்டா பழசை எறியாமக் கொண்டு வாங்கோ, துடைக்காமக் கொண்டு வாங்கோ, அதோட என்ன தண்ணி, எவ்வளவு சூடு, நாளைக்கு எத்தினை தரம் நிப்பாட்டிறனியள் எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு வாங்கோ.