பக்கத்தில் போனாலும் நகராத கோலா

"ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கோலாவைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க எந்த இடம் நல்லது?" ஆஸ்திரேலியாவில் கால்நடை மருத்துவராக இருக்கிற ஒரே காரணத்துக்காக, பள்ளி விடுமுறை நெருங்கினாலே தமிழ் நண்பர்கள் இதை என்னிடம் கேட்பார்கள். கோலா என்றால் யூகலிப்டஸ், அதாவது தைல மர இலையைத் தின்று, வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்கு. நான் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்வையாளர்கள் கோலாவைத் தூக்கவே கூடாது, சட்டம் அப்படி. பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தில் தூக்கலாம். அங்கேயும் ஒரு கோலாவை நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆள் மாற்றி ஆள் கையில் கொடுக்கக் கூடாது. அதன் தலைநகர் பிரிஸ்பேனில் 1927இல் தொடங்கிய லோன் பைன் சரணாலயமே 2024இல் தூக்கிப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டது.

ஆகவே என் பதில் எப்போதும் ஒன்றுதான்: தூக்க முடியாத இடமாகப் பார்த்துப் போங்கள். அடிபட்ட, நோய்ப்பட்ட கோலாக்களை மீட்டு, வைத்தியம் பார்த்து, தேறியதும் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிற இடங்கள் இங்கே இருக்கின்றன. சிட்னிக்கு வடக்கே கடற்கரையோரம் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் போர்ட் மக்குவாரி. அங்கே 1973இல் தொடங்கிய கோலா மருத்துவமனை பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடுகிறது. அவ்வளவு தூரம் முடியாது என்றால் வழியிலேயே போர்ட் ஸ்டீபன்ஸ் சரணாலயம் இருக்கிறது, 2020இல் திறந்தது. மரங்களுக்கு நடுவே உயரமாக நடைபாதை போட்டிருப்பதால், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல் கோலாவை அதன் மட்டத்திலேயே பார்க்கலாம்.

போர்ட் மக்குவாரியில் எனக்குப் பிடித்தது அவர்கள் பெயர் வைக்கும் முறை. கோலா கிடைத்த இடம் முதலில், அதன் பின்னால் ஒரு பெயர். 2019 நவம்பர் காட்டுத்தீயில், ஒரு பெண் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தித் தூக்கி வந்த கோலாவின் காணொளியை உலகமே பார்த்தது, நினைவிருக்கிறதா? அதன் பெயர் எலன்பரோ லூயிஸ். தீக்காயம் ஆறவில்லை. சில நாள் பார்த்துவிட்டுக் கருணைக்கொலை செய்தார்கள். நிறையப் பேர் அப்போது கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவை எடுக்கத் தெரிந்ததுதான் நல்ல மருத்துவமனை. மரம் ஏற முடியாத கோலா காட்டில் பிழைக்காது. வலியோடு கூண்டில் வைத்திருப்பது அதற்குச் செய்கிற உதவியும் இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உடம்பு நன்றாக இருக்கிற காட்டுக் கோலாவிடம் நீங்கள் நெருங்கவே முடியாது. மரத்தின் உச்சியில் கிளைக் கவட்டில் குந்திக்கொண்டு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். கீழே இறங்கினாலும் அடுத்த மரத்துக்குப் போகத்தான். பிடிக்கப் போனால் கடிக்கும், நகத்தால் கிழிக்கும். ஆகவே பட்டப்பகலில் தரையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் போனாலும் நகராமல், பிள்ளைகள் தடவிக் கொடுத்தாலும் சும்மா இருக்கிற கோலா என்றால் அது சாது இல்லை, நோயாளி.

எங்கள் மருத்துவமனைக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "ரொம்ப நல்ல மாதிரி டாக்டர், சத்தமே போடவில்லை." எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கும். முதலில் கண்ணைப் பார்ப்பேன். இமைச் சதை சிவந்து வீங்கி, பீளை கட்டி, சில நேரம் கண்ணே தெரியாது. பிறகு மெதுவாகத் திருப்பிப் பின்புறம். வெள்ளையாக இருக்க வேண்டிய ரோமம் பழுப்பேறி நனைந்து கிடந்தால் சிறுநீர்ப்பையும் கெட்டிருக்கிறது. அறை முழுக்கத் தைல வாசனையோடு மூத்திர வாடையும் கலந்து வரும். இது கிளமிடியா என்கிற பாக்டீரியாத் தொற்று. மனிதருக்கு வருவதன் உறவுக்காரக் கிருமி. பெண் கோலா என்றால் ஸ்கேன் செய்வோம். கருப்பை பக்கத்தில் நீர்க்கட்டிகள் இருந்தால், நோய் தீர்ந்தாலும் அது இனி குட்டி போடாது.

மருந்து கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. யூகலிப்டஸ் இலை மற்ற விலங்குகளுக்கு நஞ்சு மாதிரி. கோலா அதைத் தின்று பிழைப்பதற்கு அதன் கல்லீரல் ஒரு காரணம், சுமார் 2 மீட்டர் நீளக் குடற்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இன்னொரு காரணம். கிளமிடியாவைக் கொல்லக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் இந்த நுண்ணுயிர்களையும் சேர்த்து அழித்துவிடலாம். அப்புறம் முன்னால் இலை குவிந்து கிடந்தாலும் கோலா மெலிந்துகொண்டே போகும். தினமும் எடை பார்ப்பது இதற்காகத்தான். தாய்க் கோலா இந்த நுண்ணுயிர்களைக் குட்டிக்குக் கொடுக்கும் விதம் கொஞ்சம் அருவருப்பாகக்கூடத் தோன்றும். ஆறு மாத வாக்கில் தாயின் குடலிலிருந்து கூழாக வரும் ஒருவகை மலத்தைக் குட்டி தின்னும், அதற்குப் பின்தான் இலையைத் தொடும். தாயில்லாத குட்டிகளை வளர்ப்பவர்கள் இதற்கும் வழி செய்தாக வேண்டும். பால்புட்டி மட்டும் போதாது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் பத்தாண்டுக்கும் மேலாக உழைத்து உருவாக்கிய கிளமிடியா தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஒரே ஊசி போதும். ஆனால் காட்டுக் கோலாவுக்கு அதைப் போட யாராவது முதலில் பிடிக்க வேண்டுமே! வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வருகிற கோலாக்களுக்குப் போட்டு அனுப்புவதுதான் சுலபமான வழி.

நோய்க்கு அடுத்த ஆபத்து நாய். நாய் கவ்விய கோலாவுக்கு வெளியே ரத்தம் தெரியாது. அடர்ந்த ரோமத்தை விலக்கினால் பல் பதிந்த சின்னத் துளை, உள்ளே நெஞ்சுக்கூடு நொறுங்கியிருக்கும். "சும்மா வாயில் கவ்வியது, விட்டுவிட்டது" என்று யார் சொன்னாலும் அந்தக் கோலாவை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். குளிர்காலம் முடியும் ஆகஸ்ட் வாக்கில் இனப்பெருக்கக் காலம் தொடங்கும். ஆண்கள் துணை தேடி அலையும், இளசுகள் புது இடம் தேடிக் கிளம்பும். ராத்திரியில் காரில் அடிபடுவதும் அப்போதுதான் அதிகம். இத்தனைக்கும் அடியில் இருப்பது மரம் வெட்டுதல். குடியிருப்புக்காகக் காட்டைத் துண்டு துண்டாக்கியதால்தான் கோலா தரையில் இறங்கி நாயையும் காரையும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. 2022இல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகிய இடங்களில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகக் கோலாவை அறிவித்தார்கள். மரம் இல்லாவிட்டால் நாங்கள் தேற்றி அனுப்பும் கோலா எங்கே போகும்?

சரணாலயத்தில் இலைத் தொட்டிகளைக் கவனியுங்கள். தன்னார்வலர்கள் அன்றாடம் வெட்டிக் கொண்டுவந்து வைப்பவை. பக்கத்துப் பக்கத்தில் நாலு வகை இருக்கும், கோலா முகர்ந்து பார்த்து மூன்றை ஒதுக்கும். அது விரும்பித் தின்பவற்றில் ஒன்று, நம் ஊரில் காகித ஆலைக்கும் விறகுக்கும் நட்டு வைத்திருக்கும் தைல மரத்தின் அதே இனம். அம்மாவிடம் ஓர் இலையைக் கசக்கிக் கொடுங்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார். கூண்டுக்கு முன்னால் சத்தம் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். தூங்குகிற கோலாவை எழுப்பச் சொல்லி ஊழியரை நச்சரிக்கவும் வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் சாலையோரம் ஒரு கோலா உட்கார்ந்திருந்தால்? காரை ஓரமாக நிறுத்துங்கள். அந்த வட்டாரத்து மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். காரில் துணி போடும் பிளாஸ்டிக் கூடை இருந்தால் கவிழ்த்து மூடி, மேலே துண்டைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கையால் தூக்காதீர்கள். தாகமாக இருக்கிறது என்று பாட்டிலை வாயில் சாய்க்கவே கூடாது, தலை நிமிர்ந்த நிலையில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். அகலமான கிண்ணத்தில் தரையில் வைத்தால் வேண்டிய அளவு அதுவே குடிக்கும். அடிபட்டுச் செத்துக் கிடந்தாலும் சொல்லுங்கள். பெண்ணாக இருந்தால் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம், எடுக்கத் தெரிந்தவர் வந்து பார்ப்பார். மீட்புக் குழுவின் எண்ணை ஊரை விட்டுக் கிளம்பும்போதே கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுச் சாலையில் சிக்னல் இருந்தாலும் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.