6912 பைட்டில் ஒரு வண்ணத் திரை

இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் என்னை இன்றைக்கும் அசத்துவது அதன் திரைதான். 48 கே நினைவகம் (ஒரு கே என்பது 1024 பைட்), விலை 175 பவுண்ட். வீட்டு டிவிதான் மானிட்டர். நிரல்களைச் சேமிக்கக் கேசட்.

திரையில் 256 × 192 புள்ளிகள், அதாவது 49,152. புள்ளிக்கு ஒரு பைட் கொடுத்தால் 48 கேயும் திரைக்கே சரியாகிவிடும், நிரலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் வடிவத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். புள்ளிக்கு ஒரே பிட், அதாவது பைட்டில் எட்டில் ஒரு பங்கு: எரிகிறதா, இல்லையா. இதற்கு 6144 பைட். நிறமோ 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குத்தான். 768 கட்டங்கள், ஆளுக்கொரு பைட். அதில் 3 பிட் முன் நிறம், 3 பிட் பின்னணி, ஒரு பிட் பளிச்சென்று காட்ட, மற்றது மினுக்க. மொத்தம் 6912.

கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றும்போது இந்தப் பிரிவினை கண்ணெதிரே நடக்கும். ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட, முதலில் கறுப்பு வெள்ளைப் படம் வரும். அதுவும் மேலிருந்து வரிசையாக அல்ல. திரையின் மேல் மூன்றிலொரு பாகத்தில் எட்டு வரிக்கு ஒரு வரி என விழுந்து, இடைவெளிகள் பிறகு நிரம்பும். கிறுக்குத்தனமாகத் தெரியும் இந்த வரிசையால் ஒரு லாபம் உண்டு: கட்டத்துக்குள் ஒரு வரி கீழே இறங்க, நினைவகத்தில் அந்த வரி இருக்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு பைட் முகவரியில், மேல் பைட்டில் ஒன்று கூட்டினால் போதும். கணினியின் இசட்80 செயலிக்கு அது ஒரே கட்டளை. கடைசி நாலைந்து நொடிகளில் நிற பைட்டுகள் வந்து சேர, மேலிருந்து கீழாக மளமளவென்று வண்ணம் ஏறும்.

சிக்கல் எங்கே? ஒரு கட்டத்தில் இரண்டு நிறம்தான். மஞ்சள் மனிதன் பச்சை மரத்தருகே போனால், ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். 1984-இல் வந்த 'நைட் லோர்' விளையாட்டு அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து இதைத் தாண்டியது. எனக்கு அது சமரசமாகத் தோன்றவில்லை, அழகாகவே இருக்கிறது.

1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் இந்தக் கணினிக் குடும்பத்தை வாங்கியது. 128 கே நினைவகம் கொண்ட மாடல் அதற்கு முன்பே வந்திருந்தது; அப்புறம் வட்டு இயக்கியும் சேர்ந்தது. ஆனால் பழைய விளையாட்டுகள் ஓட வேண்டுமே! அதனால் கட்டத்துக்கு இரண்டு நிறம் என்ற விதி மட்டும் கடைசிவரை மாறவில்லை. சோவியத் நாட்டில் உருவான லெனின்கிராட் போன்ற நகல் கணினிகளும் அதையே பின்பற்றின.