பெயின்ட் கறையா? முதலில் தின்னர் டப்பாவை மூடுங்கள்

மரத்தரையில் சட்டைப் பொத்தான் அளவு பெயின்ட் சொட்டு. அதைச் சுற்றி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெளுத்துச் சொரசொரத்துப் போன வட்டம். கறை எடுக்கக் கூப்பிடும் வீடுகளில் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்தாயிற்று. சொட்டை எடுப்பது சில நிமிட வேலை. வட்டத்தை எடுக்க வேண்டுமென்றால், பல சமயம் அறைத் தரை முழுவதையும் இழைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். அந்த வட்டத்தைப் போட்டது பெயின்ட் இல்லை, தின்னர்.

தின்னர் பெயின்ட்டைக் கரைக்கும் என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்பது புரிகிறது. பெயின்டர் பிரஷ்ஷைத் தின்னரில் அலசுகிறார், அது சுத்தமாகிறது. ஆனால் அவர் அலசுவது ஈரப் பெயின்ட்டை. எண்ணெய் எனாமல், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிற சரக்கு. இறுகியது மறுபடி திரவமாகாது. நன்றாகக் காய்ந்த எனாமலைத் தின்னராகப் பயன்படும் டர்பன்டைனில் ஊறவைத்தாலும் அது கரைந்து ஓடாது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வேறு ரகம். நீர் ஆவியானதும் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக் படலமாகிவிடும். அதற்கும் டர்பன்டைன் சரிப்படாது.

டர்பன்டைன் வேலை செய்யவில்லை என்றதும் அடுத்து கைக்கு வருவது லாக்கரில் கலக்கும் என்.சி. தின்னர், இல்லையென்றால் அசிட்டோன். இவை கரைக்கும், சந்தேகமே இல்லை. எதைக் கரைப்பது, எதை விடுவது என்றுதான் இவற்றுக்குத் தெரியாது. தரைப் பாலிஷும் பெயின்ட்டுக்குப் பங்காளிதான். இரண்டிலும் இருப்பது பிசின். லாக்கரும் அரக்குப் பாலிஷும் பட்ட சற்று நேரத்தில் குழைந்துவிடும். பாலியூரிதேன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நனைத்த துணியை மேலே போட்டு வைத்தால் அதுவும் சுருங்கி எழும்பும்.

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: கறை மரத்தில் இல்லை. பாலிஷ் போட்ட தரையில் விழுந்த சொட்டு, பாலிஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கரைப்பது நம் வேலையே இல்லை. சொட்டுக்கும் பாலிஷுக்கும் இடையிலுள்ள பிடியைத் தளர்த்தினால் போதும், வில்லையாகப் பெயர்ந்து வரும். கரைத்தால்தான் வம்பு. கரைந்த சாயம் மர ரேகைத் துளைகளிலும் பலகை இடுக்குகளிலும் இறங்கிவிட்டால், மேலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போதுதான் மரத்துக்குள் போகிறது.

தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரை உண்மையில் மரம்தானா? லேமினேட் என்றால் நீங்கள் பார்ப்பது ரேகை அச்சடித்த காகிதம், அதை இழைக்க வழியே இல்லை. அடுத்து பாலிஷ். அலமாரிக்கு அடியில் ஒரு மூலையில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், ஆல்கஹாலை அந்தத் தரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வேறோர் இடத்தில் ஒரு துளி தண்ணீர். பத்து நிமிடம் கழித்தும் முத்தாக நின்றால் மேற்பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் உறிஞ்சிக் கருத்தால் பூச்சு தேய்ந்துபோயிருக்கிறது, அல்லது எண்ணெய் மட்டும் தேய்த்த தரை. அங்கே கறை உண்மையிலேயே மரத்துக்குள் இறங்கியிருக்கலாம். மூன்றாவது பெயின்ட். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுச் சொட்டின் மேல் மட்டும் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன். ஏறாவிட்டால் எனாமல், அல்லது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்சி மாதிரி ஏதோ ஒன்று.

இனி வேலை. முதலில் தூசியை உறிஞ்சி எடுங்கள். பிளேடுக்கு அடியில் மாட்டும் ஒரு மணல் துகள், பெயின்ட்டை விட மோசமான கோட்டைப் போடும். பிளாஸ்டிக் புட்டி பிளேடு, கிடைக்காவிட்டால் காலாவதியான பிளாஸ்டிக் அட்டை. தரையோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், ரேகை ஓடும் வாட்டத்திலேயே தள்ளுங்கள், குறுக்கே வேண்டாம். தடித்த சொட்டு பல சமயம் இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால், ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூன்று துளி. துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கறையின் மேல் மட்டும் ஐந்து நிமிடம். தண்ணீரை ஊற்ற வேண்டாம். இடுக்கு வழியாக இறங்கும் நீர் பலகையின் ஓரங்களைத் தூக்கிவிடும்.

அதற்கும் மசியாத எமல்ஷனுக்கு ஆல்கஹால். பஞ்சைக் கறையின் அளவுக்கே கிள்ளி எடுங்கள், உள்ளங்கை அளவு துணி எதற்கு? ஒரு நிமிடம் வைத்து, பிளேடால் தள்ளி, ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று. ஒரே தடவை பத்து நிமிடம் ஊறவைப்பதும், ஒரு நிமிடமாகப் பத்து தடவை செய்வதும் பாலிஷுக்கு ஒன்றல்ல.

எனாமலுக்கு இளஞ்சூடு. தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் உயரத்தில் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு போதும். பெயின்ட் இளகியதும் தள்ளுங்கள். ஹீட் கன்னைக் கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயின்ட் இளகுவதற்குள் பாலிஷ் கொப்புளித்திருக்கும். ஆல்கஹால் பட்ட ஈரம் காயும் முன் டிரையரைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். எபாக்சி எதற்கும் இளகாது என்றால், புதிய சவர பிளேடின் இரு மூலைகளிலும் டேப் சுற்றி, தரையோடு படுக்கவைத்துச் சீவ வேண்டும். கை நடுங்குபவர்கள் இதை ஆள் வைத்துச் செய்வது நல்லது.

தேக்கு, ஓக் மாதிரித் துளை திறந்த மரங்களில் படலம் போன பிறகும் துளைகளில் புள்ளி புள்ளியாக நிற்கும். பழைய நைலான் பல் துலக்கியை ஆல்கஹாலில் லேசாகத் தொட்டு ரேகை வாட்டத்தில் தேயுங்கள். மிச்சத்தைப் பல் குத்தும் மூங்கில் குச்சியால் நெம்பலாம். ஊசி வேண்டாம்.

கம்பி நாரால் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. கீறல் ஒரு பக்கம் இருக்கட்டும். உடைந்த இரும்புத் தூள் ஓக் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புப் புள்ளிகள் வரும், அது பெயின்ட் கறையை விடப் பிடிவாதமானது. உப்புத்தாளை எடுத்து அந்த ஓர் இடத்தை மட்டும் தேய்ப்பதும் அப்படித்தான். பள்ளமும் மங்கலும் ஜன்னல் வெளிச்சத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும். அடுக்குப் பலகைத் தரைகளில் மேலிருக்கும் அசல் மரம் சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தேய்த்தால் அடியிலிருக்கும் பிளைவுட் எட்டிப் பார்க்கும். ‘மாய ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் மெலமைனும் நுண்ணிய உப்புத்தாள்தான், பளபளப்பைத் தின்னும்.

பழைய வீடு, அடுக்கடுக்காகப் பழைய எனாமல் என்றால் ஈயம் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. தரையில் தவழும் குழந்தையின் கை வழியாக அந்தத் தூசி வாய்க்குப் போகும். குழந்தை உடம்புக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது. முதலில் சோதனை, பிறகு மற்றது.

பெயின்ட் உரிக்கும் பசை வாங்கினால் சிட்டையைப் படியுங்கள். டைகுளோரோமீத்தேன் என்றிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். ஆல்கஹால் என்றாலும் ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். நீல நைட்ரைல் கையுறை போட்டிருக்கிறேன் என்று அசிட்டோனில் கையை விடுபவர்களுக்கு: அசிட்டோன் அதைச் சீக்கிரம் ஊடுருவிவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவி ஊறவைக்கச் சொல்பவர்கள், துடைத்த துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கடித்து மூடுங்கள்.

பெயின்ட் அடிக்கும்போது தரையில் பிளாஸ்டிக் ஷீட் மட்டும் விரிப்பதும் தப்பு. விழுந்த சொட்டு காயாமல் அப்படியே நிற்கும், செருப்பில் ஒட்டி அடுத்த அறை வரை நடக்கும். மேலே ஒரு தடித்த துணி போடுங்கள். சொட்டியதை ஈரத்திலேயே துடைத்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

கறை போன இடம் சற்று மங்கலாகத் தெரிந்தால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உலர்ந்த துணியால் தேயுங்கள். மெழுகைப் பூசி மறைக்காதீர்கள், பிற்பாடு அந்த இடத்தில் புதுப் பாலிஷ் பிடிக்காது. வெள்ளை வட்டம் ஏற்கனவே விழுந்துவிட்டதா? அத்தோடு நிறுத்துங்கள். எண்ணெய், பற்பசை, வினிகர் எதுவும் வேண்டாம். தரை வேலைக்கு வருபவரிடம் எந்தத் திரவம், எவ்வளவு நேரம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவைத் தூக்கி எறிந்திருக்காவிட்டால், அதையும் எடுத்து வையுங்கள்.